ஒத்தப்புளி முக்குக் கல்

நான்காவது அசைவு வயிற்றுக்குள்ளிருந்து வரவில்லை.

சண்முகத்தாய் பின்னறையில், கல் பலகையின்மேல் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூன்று மொச்சைக்கொட்டைகள் கிண்ணத்தில் கிடந்தன. ஏழு அவள் கைக்குள் இருந்தன. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிருந்தது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்ததும், திராட்சைத் தோட்டங்களில் அதுவரை இரைந்துகொண்டிருந்த மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போக, பந்தலுக்கு அடித்த மருந்தின் கந்தக நெடியும், வெயிலில் காயும் சாணத்தின் வாடையும், மேலே தொட்டிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தமும் மட்டும் வீட்டுக்குள் மிச்சமிருந்தன. அப்போதுதான் அது வந்தது. அவளுடைய இடுப்பெலும்புக்குக் கீழே, கல்லுக்குள்ளிருந்து, மெல்ல ஒரு முட்டல்.

பெருச்சாளியாக இருக்கும் என்று நினைத்தாள். கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்து, வயிற்றைத் தாங்கியபடி குனிந்து பார்த்தாள். கல் பலகை இரண்டு வரிசைச் செங்கல்மேல் சும்மா தூக்கி வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. நடுவில் ஒரு சிலந்தி வலை, அறுபடாமல் இருந்தது.

மறுபடி படுத்தாள். கையிலிருந்த நான்காவது கொட்டையை என்ன செய்வதென்று சிறிது நேரம் யோசித்தாள். அப்புறம் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். அவளுக்குப் பத்து வேண்டும். பத்து வந்தே ஆக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு எண்ணத் தெரியாது. எட்டாம் மாதத்தில், நாத்தனார் கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்த வேலையில், பிள்ளை அசையவில்லை என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. தூங்குகிறது என்று நினைத்திருந்தாள். அழாமல் பிறந்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டதற்கு, பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவள் பார்க்காத முகத்தை ஊரில் நாலு பேர் பார்த்திருந்தார்கள் என்பதை அவளால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான் இந்த முறை துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபஷீலா சொன்னதையெல்லாம் அவள் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டதில்லை. முருங்கைக்கீரை, கேப்பைக்கூழ், நாளுக்குப் பத்து டம்ளர் தண்ணீர் எல்லாம் ஒழுங்காக நடந்தன. வாராவாரம் பிள்ளை எப்படி வளர்கிறது என்பதையும் நர்ஸ் சொல்லுவாள். இந்த வாரம் விரலில் நகம் முளைத்திருக்கும், இந்த வாரம் நீ பேசுவது அதற்குக் கேட்கும் என்று. அதைக் கேட்கவே சண்முகத்தாய் செவ்வாய்க்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருப்பாள்.

"மத்தியானம் சாப்பிட்டதும் எடப்பக்கமாப் படுத்துக்க. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கொட்டைய எடுத்துக் கிண்ணத்துல போடு. ரெண்டு மணி நேரத்துல பத்து வந்துரணும்" என்று ஜெபஷீலா சொல்லியிருந்தாள். "வரலையின்னா விடியட்டும்னு இருக்கக்கூடாது. அன்னைக்கே எங்கிட்ட வந்துரணும். என்ன?"

"சரி சிஸ்டர்."

படுப்பதில்தான் சிக்கல். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் ஈவு இரக்கமில்லாமல் அடித்தது. புதிதாகத் தளம் போட்ட வீடு, மத்தியானத்தில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரிதான். போதாக்குறைக்குத் தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை கரண்ட் கிடையாது. கட்டிலில் படுத்தால் முதுகு வெந்தது. அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் புருஷன் மாரிசெல்வம் அந்தக் கல்லைக் கொண்டுவந்தான்.

அவன் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். விடியுமுன் கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால், சாயங்காலம் ஏலக்காய் மணக்க மணக்கத் திரும்புவான். ரோட்டை அகலப்படுத்துகிற இடத்தில் மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிட்டிருந்த ஆறடிக் கல் பலகை அவன் கண்ணில் பட்டது. ரோட்டோரம் கிடப்பதெல்லாம் முதலில் பார்த்தவனுக்குச் சொந்தம் என்பது ஜீப்காரர்களின் சட்டம். நாலு கூட்டாளிகளை வைத்துத் தூக்கி வந்து, ஏதோ எழுத்து வெட்டியிருந்த பக்கத்தை அடியில் போட்டு, வழவழவென்றிருந்த பக்கத்தை மேலே வைத்துப் பின்னறையில் பலகைபோலப் போட்டுக் கொடுத்தான்.

"படுத்துப் பாரு புள்ள. ஏசி போட்ட கணக்கா இருக்கும்."

இருந்தது. முதல் இரண்டு வாரமும் அவள் அவனை வாயார வாழ்த்தினாள். கல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டது. அதில் படுத்த மாத்திரத்தில் இடுப்பு வலி போனது, கால் வீக்கம் வற்றியது, வயிற்றுப் பாரமே இல்லாததுபோல ஒரு லேசு வந்தது. மசக்கை கண்ட நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை அவள். பத்துக் கொட்டையும் அரை மணியில் கிண்ணத்துக்குப் போய்விடும்.

நான்காவது அசைவு கல்லிலிருந்து வந்த நாளுக்கு மறுநாள், கல்லிலிருந்து இரண்டு வந்தன. அதற்கு மறுநாள் மூன்று.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பிள்ளைத்தாச்சிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். நாலாம் நாள் கல்லிலிருந்து வந்தவை நான்கு, வயிற்றிலிருந்து வந்தவை ஆறு. ஐந்தாம் நாள் பாதிக்குப் பாதி. கூட்டினால் எப்போதும் பத்து. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பத்துக்கு மேலே ஒன்று வந்ததில்லை, பத்துக்குக் கீழே ஒன்று குறைந்ததும் இல்லை. புதிதாக எதுவும் முளைக்கவில்லை. இங்கே குறைவதுதான் அங்கே கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை ஜெபஷீலா அவளை மெஷினில் ஏற்றி நிறுத்தினாள். போன வாரத்தைவிட ஒரு கிலோ குறைந்திருந்தது. படுக்கவைத்து வயிற்றில் டேப் வைத்து அளந்தாள். ஒரு தடவை அளந்துவிட்டு, டேப்பை உதறி இன்னொரு தடவை அளந்தாள்.

"போன வாரம் முப்பத்துநாலு. இந்த வாரம் முப்பத்துமூணு. ஏறணும்மா, எறங்கக்கூடாது. ஒழுங்காச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் சிஸ்டர்."

"அசைவு?"

சண்முகத்தாய் எழுந்து உட்கார்ந்தாள். "பத்து வருது சிஸ்டர்" என்றாள். பொய் இல்லை. கிண்ணத்தில் பத்துக் கொட்டை விழத்தான் செய்தன.

ஜெபஷீலா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மாரிசெல்வம் வண்டிக்கு லீவு போட்டுக் கம்பத்துக்குக் கூட்டிப்போனான். இருட்டறையில், பசைபோல ஒன்றைத் தடவி வயிற்றில் கருவியை உருட்டியபோது, திரையில் ஒரு பொட்டு விட்டுவிட்டுத் துடித்தது. அதுதான் இதயம் என்றார்கள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, எடைதான் கம்மி, அடுத்த வாரம் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் சண்முகத்தாய். இது என்னுடையது. இதை ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டேன். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் மாரிசெல்வம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராக்கம்மாள் வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கிறவள். ஐம்பத்தைந்து வயதிலும் மாட்டுக்குப் புல்லறுத்து, ஆள் உயரக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவாள். கரண்ட் இல்லாததால் தோட்டத்துக் குழாய் ஓடவில்லை என்று, தண்ணீர் கேட்டுப் புல்லுக்கட்டோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"தாயி, ஒரு செம்பு தண்ணி குடு. தொண்டை காஞ்சு..."

பேச்சு பாதியில் நின்றது. கல் பலகையின் மூலையில், கை வைத்து வழித்ததுபோல ஒரு பள்ளம் இருந்தது. ராக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கக்கூட மறந்துவிட்டாள்.

"இந்தக் கல்லு எப்பிடி இங்கன வந்துச்சு?"

"அவுக கொண்டாந்து போட்டாக பெரியம்மா. ரோட்டோரம் கெடந்துச்சாம்."

"கெடக்கல. நின்னுச்சு. ஒத்தப்புளி முக்குல நின்ன சுமைதாங்கி இது. நாங்க வெறகு கொண்டாரப்ப இந்த மூலையிலதான் அருவா தீட்டுவோம். தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்திருக்கு பாரு." ராக்கம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, ஒம் புருஷனுக்குக் கூறு வேணாமா? இத எதுக்கு நட்டாகன்னு தெரியாதா அவனுக்கு?"

சுமைதாங்கி என்றால் என்னவென்று சண்முகத்தாய்க்குத் தெரியும். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் போட்டிருப்பார்கள். தலைச்சுமைக்காரர்கள் துணைக்கு ஆள் இல்லாமலே பாரத்தை அதன்மேல் தள்ளி இறக்கிவிட்டு இளைப்பாறலாம். அதை எதற்கு நடுவார்கள் என்பதும் தெரியும். தெரியாததுபோல நின்றாள்.

"மலையம்மாள்னு ஒருத்தி. எங்காத்தா பொறக்கு முன்னாடி. நெறமாசக்காரி, தலையில வெறகோட மலையெறங்கி வந்தவ, அந்த முக்குல சாஞ்சவ எந்திரிக்கல. வகுத்துச் சுமையோட செத்தவளுக்குச் செத்த பொறவும் சுமை எறங்காது தாயி. அதுக்குத்தான் அவ பேரு வெட்டி இந்தக் கல்லு. நாங்கெல்லாம் சுமைய எறக்கி வச்சதும் கல்லத் தொட்டு, 'நீயும் எறக்கி வச்சுக்க ஆத்தா'ன்னு ஒரு வார்த்த சொல்லுவோம். அவளுக்கும் செத்த நேரம் ஆத்தலா இருக்கும். இப்ப அந்த வழியா ஆரு தலையில சுமக்குறா? எல்லாத்துக்கும் டெம்போ வந்துருச்சு. இருவது வருஷமா ஒருத்தி ஒரு வார்த்த சொல்லல."

"இதுமேல படுத்தா..."

"படுத்தியா?" ராக்கம்மாள் குரல் இறங்கிவிட்டது. சண்முகத்தாயின் வயிற்றைப் பார்த்தாள், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். "இனிமே கிட்டப் போகாத. மாரிசெல்வத்துக்கிட்ட நாஞ் சொல்றேன். இருந்த எடத்துலயே நட்டுறட்டும்."

தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

மாரிசெல்வம் அந்த நாட்களில் வீட்டுக்கே சரியாக வருவதில்லை. வீரபாண்டித் திருவிழா. ராவும் பகலும் ஆள் ஏற்றினான். வந்ததும் கட்டாயம் எடுத்துவிடுகிறேன் என்று போனில் சொன்னான். சண்முகத்தாய் பின்னறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சனிக்கிழமை, முன்னறைக் கட்டிலில் படுத்து எண்ணினாள். இரண்டு மணி நேரத்தில் நான்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே எண்ணினாள். ஒன்று. அதுவும் அசைவா, தன் நாடித் துடிப்பா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. மீதி ஒன்பது கொட்டையும் உள்ளங்கை வேர்வையில் நனைந்து தோல் உரிந்துவிட்டன. ஜெபஷீலாவுக்குப் போன் போட்டாள்.

"திருவிழா கேம்ப்ல இருக்கேன். நீ ஒரு நிமிஷமும் தாமசிக்காத, ஆட்டோ புடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நான் அங்கன வந்துடுறேன்" என்றாள் நர்ஸ். பின்னால் உறுமிச் சத்தம் கேட்டது.

ஆட்டோவுக்குச் சொன்னாள். திருவிழாக் கூட்டம், வர அரை மணி ஆகும் என்றான். ஆஸ்பத்திரிக் கார்டையும் மாற்றுச் சேலையையும் பையில் வைத்தாள். வாசலில் நின்றாள். பன்னிரண்டு அடித்தது. கரண்ட் போனது. மோட்டார்கள் ஓய்ந்தன. வீடு முழுக்க ஒலி அடங்கியபோது, சாத்தியிருந்த பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கல்லில் கல் உரசாமல், மரத்தில் மரம் இடிக்காமல், துணிக்குள் முழங்கை அசைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

போயிருக்கக்கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் தன் பிள்ளை ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அசைந்துகொண்டிருக்கும்போது எந்தத் தாய் வாசலில் நிற்பாள்?

கதவைத் திறந்தாள். பின்னறை மட்டும் குளிர்ந்திருந்தது. மழை பெய்து ஓய்ந்த மலையின் வாடை, பச்சை விறகின் வாடை. கல்லின்மேல் காதை வைத்தாள். உள்ளே இருந்தது. புரண்டது, முட்டியது, ஓய்ந்தது. ஏறிப் படுத்தாள். வயிற்றைக் கல்லோடு சேர்த்து வைத்தாள். இடுப்பு லேசானது. பயமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகம்தான் அவளை அழ வைத்தது.

"ஏந்தாயி இப்பிடிப் பண்ற?" என்று கல்லிடம் கேட்டாள். "எனக்கும் ஒன்னு போயிருச்சு. இதையும் கேக்குறியே."

தொட்டியில் தண்ணீர் சொட்டியது. அவளுக்கு ராக்கம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. இருபது வருஷமாக ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆற்றாமைதான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைத்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஆறிப்போவாள், விட்டுவிடுவாள். பாவம், அவளும் ஒரு பிள்ளைத்தாச்சிதானே. சண்முகத்தாய்க்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைக் கல்லிலும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீயும் எறக்கி வச்சுக்க ஆத்தா."

சொன்ன பிறகுதான், தான் சுமை எதையும் இறக்கிவிட்டுச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கல்லின்மேல் இருந்தது அவள் வயிறு மட்டும்தான்.

மூச்சு ஒன்று கேட்டது. அவளுடையது இல்லை. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் பாரத்தை இறக்கியதும் விடுகிற மூச்சு. அத்தோடு, நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்ததுபோல வயிறு கனத்தது. குளிர்ந்தது. அடிவயிறு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உதை.

இன்னொன்று. பலமாக. உள்ளிருந்து. வயிற்றிலிருந்தேதான்.

அன்று இரண்டு மணிக்கு முன்னமே கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது. தோட்டத்து மோட்டார்கள் இரையத் தொடங்கின. வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பத்தையும் எண்ணி முடித்துவிட்டுச் சண்முகத்தாய் கல்லின்மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஜெபஷீலா அளந்தபோது டேப்பில் முப்பத்தாறு இருந்தது.

"மூணு சென்டிமீட்டர்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னத்தத் தின்ன? எனக்கும் சொல்லு, மத்த பிள்ளைகளுக்கும் சொல்றேன்." அவள் சிரித்துக்கொண்டே குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினாள். வாட்சைப் பார்த்தாள். குழலை இடம் மாற்றினாள். மறுபடி வாட்சைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்ன சிஸ்டர்?"

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் கேக்குது. ரொம்ப நிதானமா இருக்கு, பெரியவங்க நாடி மாதிரி. டாக்டரம்மாகிட்ட ஒருக்கக் காட்டிருவோம். ஏத்தா, வெயில்லதான நடந்து வந்த? ஒன் வகுறு ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்கு?"

சண்முகத்தாய் சேலையை இழுத்து வயிற்றை மூடினாள். இரண்டு நாளாக அவளுக்கும் அது தெரியும். ராத்திரி போர்வையை எடுத்து வயிற்றின்மேல் போட்டுப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. நாள் தவறாமல் பத்து உதை விழுந்தது. அவசரமில்லாமல், திட்டமாக, இடைவெளி தவறாமல். பிள்ளையின் உதையில் ஒரு துள்ளல் இருக்கும், ஒரு தடுமாற்றம் இருக்கும். இதில் இல்லை. ஒன்று பல காலம் ஒரே இடத்தில் கிடந்து பழகிய பிறகு புரள்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பின்வாசல் திறந்து கிடந்தது. பின்னறையில் கல் இல்லை. இரண்டு வரிசைச் செங்கல் மட்டும் இருந்தன. வெளியே மண்ணில் டிராக்டர் டயர் தடம். ராக்கம்மாள் சொன்னதைக் கேட்டு மாரிசெல்வம் எடுத்துப் போயிருக்கிறான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தொலைந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்புறம் அவளுக்கு ஒன்று தோன்றியது. சுமைதாங்கியில் இறக்குகிறவர்கள் யாரும் சுமையை அங்கேயே விட்டுவிட்டுப் போவதில்லை. இளைப்பாறியதும் மறுபடி தூக்கி வைத்துக்கொண்டுதான் போவார்கள். ஒருத்தியின் சுமையை இன்னொருத்தி மாறி எடுத்துக்கொண்டால்...

ஓடினாள். நிறைமாதத்தில் ஓட முடியுமா என்றால் முடியாது. ஆனால் ஓடினாள். வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவிலான வண்டிப்பாதையில், செருப்பில்லாமல். தார் ரோடு. சூடு. வேர்வை கண்ணில் இறங்கியது. வயிறு மட்டும் ஈரத் துணிபோலக் குளிர்ந்துகொண்டே வந்தது.

ஒத்தப்புளி முக்கில் கல் நின்றது. புதிதாகச் சிமென்ட் வைத்த இரண்டு தூண்களுக்குமேல், அவள் நெஞ்சு உயரத்துக்கு. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான் மாரிசெல்வம். மலையம்மாள் என்ற எழுத்துகளில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"ஏ புள்ள! நாளைக்குக் கூட்டியாந்து கும்புட வைக்கலாம்னு இருந்தேன். எதுக்கு இந்த வெயில்ல ஓடியார?"

அவள் கல்லின்மேல் இரண்டு கையையும் வைத்தாள். கன்னத்தை வைத்தாள். கல் கதகதப்பாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை அது. பாலின் சூடு. உள்ளே ஏதோ துள்ளியது. தடுமாறியது. அவள் உள்ளங்கையைத் தேடி வந்து முட்டியது.

தாய்க்குத் தெரியாதா?

"மாமா, இத ஒடைங்க. ஒடைச்சு எடுங்க."

"என்ன பேசுற? இப்பத்தான நட்டுருக்கு."

"உள்ள இருக்கு. எம் புள்ள உள்ள இருக்கு."

மாரிசெல்வம் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தான். இன்னொரு கையால் வயிற்றைத் தொட்டான். உதை விழுந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கிறுக்கச்சி. இங்கன பாரு, என்னமா உதைக்கிறான். வெயில் தலைக்கேறிருச்சு ஒனக்கு. வா, வீட்டுக்குப் போவோம்."

எந்த மூட்டையானாலும், கொஞ்சம் தூக்கி விடுங்கள் என்று வழியில் போகிற யாரையும் கூப்பிடலாம். இதைத் தூக்கி விட யாரைக் கூப்பிடுவாள்? அவள் கல்லை விடவில்லை. நகம் உடைந்து ரத்தம் வந்தது. விடவில்லை.

புளியமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கம்மாள் வந்தாள். தலையில் புல்லுக்கட்டு. கல் மறுபடி நிற்பதைப் பார்த்ததும் அவள் நடை வேகமானது. இருபது வருஷம் கழித்து முதல் ஆளாகத் தானே வந்துவிட்டதில் முகமெல்லாம் சிரிப்பு.

"வேணாம். பெரியம்மா, வேணாம்!"

புல் காதை மூடியிருந்ததில் ராக்கம்மாளுக்கு அது கேட்கவில்லை. கழுத்தை ஒரு சாய் சாய்த்தாள். ஈரப் புல்லுக்கட்டு தொம்மென்று கல்லின்மேல் விழுந்தது. சண்முகத்தாயின் விரல்களுக்குப் பக்கத்தில். உள்ளே துள்ளியது நின்றது.

"நீயும் எறக்கி வச்சுக்க ஆத்தா" என்று ராக்கம்மாள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சண்முகத்தாய் கத்திக்கொண்டே கட்டைத் தள்ளினாள். அது அசையவில்லை. மாரிசெல்வம் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து இழுத்தான். அவன் கைகளுக்குள், அவள் வயிற்றுக்குள் இருந்தது மெதுவாகப் புரண்டு, கல் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.